நான்கு மாதப் பழைய ரிகம்பன்ட் சைக்கிள்: விற்கலாமா, எப்படி விற்பது?

கேள்வி: "அண்ணே, முதுகுவலிக்கு நல்லது என்று நம்பி, சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் ரிகம்பன்ட் சைக்கிள் ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தேன். இரண்டு சக்கர வண்டி, பெடல் முன்சக்கரத்துக்கும் முன்னால் இருக்கும். கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்து 4,200 சிங்கப்பூர் வெள்ளி. நான்கு மாதத்தில் 70 கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை. இரண்டு தடவை விழுந்தேன். செங்காங்கில் 11ஆவது மாடி வீடு. கூடத்தில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது, வீட்டில் தினமும் இதே பேச்சு. விற்றுவிடலாம் என்று இருக்கிறேன். எவ்வளவு கேட்கலாம்? ஓட்டக் கற்றுக்கொள்ள முடியவில்லை என்பதை விளம்பரத்தில் சொல்லலாமா? சொன்னால் யாராவது வாங்குவார்களா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சொல்லுங்கள். முதல் வரியிலேயே சொல்லுங்கள்.

நான் இந்த ஊரில் பதினான்கு வருடமாக இந்த வகை வண்டி ஓட்டுகிறேன். மூன்று வாங்கியிருக்கிறேன், இரண்டை விற்றிருக்கிறேன். முதல் வண்டியை விற்றபோது, பழகுவதற்கு எவ்வளவு சிரமம் என்பதை நான் சொல்லவில்லை. "கொஞ்சம் பழகணும்" என்பதோடு நிறுத்திக்கொண்டேன். வாங்கியவர் இரண்டு வாரத்தில் முழங்கையில் கட்டோடு வந்து நின்றார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அந்தக் கட்டைப் பார்த்தபோது வந்த வருத்தம் இன்னும் போகவில்லை. இரண்டாவது வண்டிக்கு முதல் வரியிலேயே "புதிதாக ஓட்டுபவருக்கு மூன்று நான்கு வாரம் பிடிக்கும், முதல் நாளில் விழ வாய்ப்பு உண்டு" என்று எழுதினேன். விசாரித்தவர்கள் குறைவு, விற்க ஐந்து மாதம் ஆனது. ஆனால் வாங்கியவர் தெரிந்தே வாங்கினார், இன்றும் ஓட்டுகிறார். நான் கேட்ட விலையில் நூறு வெள்ளிதான் குறைத்தார். இந்த வண்டிக்கு ஏற்ற ஆள் சிரமத்தைக் கேட்டு ஓடமாட்டார். ஓடுகிறவர் வாங்கினாலும் உங்களிடமே திரும்பி வருவார்.

விற்பதற்கு முன்னால் ஒன்று பார்க்க வேண்டும். வண்டி உங்கள் கால் அளவுக்குச் சரியாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா? இதை நீங்கள் எழுதவில்லை. இணையத்தில் வரவழைத்து வீட்டிலேயே பாகங்களைப் பொருத்திய வண்டிகளில் நான் பார்த்தவரை, முதலில் தப்பாக இருப்பது இதுதான். வைத்துக்கொள்வதா விற்பதா என்பதும், விற்றால் விளம்பரத்தில் என்ன எழுதுவது என்பதும் இந்த அளவைப் பொறுத்தே முடிவாகும்.

சாதாரண சைக்கிளில் சீட்டை ஏற்றி இறக்குகிறோம். இதில் சீட் பெரும்பாலும் நின்ற இடத்தில் நிற்கும், பெடல் மாட்டிய முன்குழாய்தான் முன்னும் பின்னும் நகரும். பூம் என்பார்கள். அது அரை அங்குலம் நீளமாக இருந்தால்கூட, காலை எட்டிப் போட இடுப்பு ஒரு பக்கம் சரியும். இடுப்பு சரிந்தால் தோள் இழுக்கும், தோள் இழுத்தால் ஹேண்டில்பார் ஆடும். ஓட்டுபவர் "எனக்குச் சமநிலை வரவில்லை" என்று நினைப்பார், கோளாறு பூமில் இருக்கும். குட்டையாக இருந்தால் முட்டி வலிக்கும், முழங்கால் ஹேண்டில்பாரில் இடிக்கும்.

வீட்டிலேயே அளந்துவிடலாம். ஓட்டும்போது போடும் ஷூவோடு தரையில் உட்கார்ந்து, முதுகும் இடுப்பும் சுவரோடு ஒட்டியிருக்க, காலை நேராக நீட்டுங்கள். சுவரிலிருந்து ஷூவின் அடிப்பகுதிவரை எத்தனை சென்டிமீட்டர் என்று வீட்டில் ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். ரிகம்பன்ட் ஓட்டுபவர்கள் இதை எக்ஸ்-சீம் என்று சொல்வார்கள். தயாரிப்பாளர்கள் தங்கள் வண்டி எந்த எக்ஸ்-சீம் முதல் எந்த எக்ஸ்-சீம் வரை பொருந்தும் என்று கொடுத்திருப்பார்கள். உங்கள் அளவு அந்த வரம்பின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோ இருந்தால், மனதைப் போட்டு வருத்த வேண்டாம், அது உங்கள் வண்டியே இல்லை. நிம்மதியாக விற்றுவிடுங்கள். வரம்புக்குள் இருந்தால், சீட்டில் முதுகு முழுக்கப் படியும்படி உட்கார்ந்து, குதிகாலைப் பெடலில் வைத்து மிகத் தொலைவான நிலைக்குத் தள்ளுங்கள். கால் ஏறக்குறைய நேராக வர வேண்டும், இடுப்பு சீட்டில் அசையக் கூடாது. அப்புறம் பாதத்தின் முன்பகுதியைப் பெடலில் வைத்தால் முட்டி இலேசாக மடிந்திருக்கும். அதுதான் சரியான இடம். பூமை நகர்த்தினால் செயின் நீளமும் மாறும், அதைச் சரிபார்க்காமல் ஓட்டாதீர்கள். இந்த வண்டிகளுக்குச் சாதாரண சைக்கிளைப்போல இரண்டு மூன்று மடங்கு நீளச் செயின் வேண்டும், அதனால் கடையில் ஒரு செயின் வாங்கினால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, அளவு பொருந்துகிறது, இருந்தும் வரவில்லை என்றால்? அதற்குக் காரணம் உண்டு. அது உங்கள் வயதோ பயமோ அல்ல.

விளக்குமாற்றை உள்ளங்கையில் நிமிர்த்தி நிறுத்திப் பாருங்கள், கொஞ்ச நேரம் நிற்கும். பென்சிலை நிறுத்திப் பாருங்கள், கையை எவ்வளவு வேகமாக ஆட்டினாலும் விழுந்துவிடும். உயரமான பொருள் மெதுவாகச் சாயும், குட்டையான பொருள் சட்டென்று சாயும். சாதாரண சைக்கிளில் உங்கள் உடம்பின் எடை உயரத்தில் இருக்கிறது, சாய்வதைத் திருத்த நேரம் கிடைக்கிறது. ரிகம்பன்டில் எடை தாழ்வாக இருப்பதால் அந்த நேரம் குறைகிறது. அதோடு, சாதாரண சைக்கிளில் இடுப்பையும் தோளையும் அசைத்து நம்மை அறியாமலே சமநிலையைத் திருத்திக்கொள்கிறோம். சீட்டில் முதுகு ஒட்டி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை. எல்லாத் திருத்தமும் ஹேண்டில்பார் வழியாகத்தான் நடக்க வேண்டும், அதுவும் சின்னச் சின்னதாக. நாற்பது வருடம் சைக்கிள் ஓட்டிய உடம்புக்கு இது புதுப் பாடம். பழைய பழக்கம் உதவாது, குறுக்கே வரும்.

கை இறுக்கம் இன்னொரு காரணம். காலால் பெடலை மிதிக்கும்போது உடம்பு பின்னால் சீட்டைத் தள்ள வேண்டும். பயந்தவர் சீட்டைத் தள்ளாமல் ஹேண்டில்பாரைப் பிடித்து இழுப்பார். வலது காலுக்கு ஒரு இழு, இடது காலுக்கு ஒரு இழு, வண்டி பாம்பு மாதிரி நெளியும். உங்களுக்கு இப்படி நெளிந்திருந்தால், அது கற்றுக்கொள்ள முடியாததற்கு அடையாளம் இல்லை. கையைத் தளர்த்தினால் பெருமளவு போய்விடும்.

நம் ஊரில் இன்னொரு சிரமமும் சேர்ந்துகொள்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. ரிகம்பன்ட் 15, 20 கிலோமீட்டர் வேகத்தில் கோடு கிழித்த மாதிரி போகும். மெதுவாகப் போனால்தான் ஆடும். நம் பாதைகளோ மெதுவாகப் போகச் சொல்கின்றன. நடைபாதையில் மணிக்கு 10 கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்புப் பாதையிலும் 25 கிலோமீட்டர் என்பது சட்டம். அதில் குறுகிய வளைவு, நடுவில் தடுப்புக் கம்பம், பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் இறங்கித் தள்ளச் சொல்லும் பலகை, ஓடிவரும் குழந்தை, நாயின் கயிறு. பெடல் முன்னால் இருக்கும் வண்டியில் மெதுவாக வளையும்போது முன்சக்கரம் திரும்பி வந்து குதிகாலில் தட்டும். புங்கோல் நீர்வழிப் பாதையில் ஞாயிறு மாலை கற்றுக்கொள்ளப் போனீர்கள் என்றால், இருப்பதிலேயே கடினமான இடத்தையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்துவிட்டீர்கள். நீங்கள் எங்கே விழுந்தீர்கள் என்று எழுதவில்லை, இப்படி ஓர் இடமாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இந்த வண்டியே தப்பான படைப்பு என்று வீட்டில் பேச்சு வந்தால் ஒன்று சொல்லுங்கள். 1933 ஜூலையில் பிரான்சிஸ் ஃபோர் என்ற பிரெஞ்சுக்காரர், ஷார்ல் மோஷே செய்த சாய்வு சைக்கிளில் பாரிஸில் ஒரு மணி நேரத்தில் 45.055 கிலோமீட்டர் ஓட்டினார். 1914இலிருந்து நிலைத்திருந்த ஆஸ்கர் எக்கின் 44.247 கிலோமீட்டர் சாதனை அன்று உடைந்தது. ஃபோர் முதல் வரிசைப் பந்தய வீரர்கூட இல்லை. அடுத்த ஆண்டே உலக சைக்கிள் அமைப்பு, பந்தய சைக்கிள் எப்படி இருக்க வேண்டும் என்று புதிதாக வரையறுத்து, இந்த வடிவத்தைப் பந்தயத்திலிருந்து விலக்கியது. அதனால்தான் தெருவில் இது அரிதாக இருக்கிறது, ஓடாததால் இல்லை. மேட்டில் எழுந்து நின்று மிதிக்க முடியாது என்பது உண்மையான குறை. ஆனால் புக்கிட் தீமா குன்றின் உச்சியே 164 மீட்டருக்குள்தான் இருக்கிறது, இந்த ஊருக்கு அது பெரிய குறை இல்லை.

அளவு பொருந்தினால், இரண்டு சனி, ஞாயிறு மட்டும் கொடுத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். விற்பதைத் தள்ளிப்போட அல்ல. இதே முறையைத்தான் நாளை வாங்க வருபவருக்கும் நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கும், அதற்காகவாவது செய்யுங்கள்.

இடம் முக்கியம். சாங்கி கடற்கரைப் பக்கத்துப் பூங்கா இணைப்புப் பாதை நீளமாக, நேராக, சமமாக இருக்கும். காலை ஏழு மணிக்குள் போனால் ஆள் குறைவு, வெயிலும் முகத்தில் அடிக்காது. சாய்ந்து உட்கார்ந்தால் வெயில் நேராக முகத்தில்தான் விழும், இதை வாங்குவதற்கு முன் யாரும் யோசிப்பதில்லை. வண்டியை எம்ஆர்டி ரயிலில் கொண்டுபோக முடியாது. மடிக்கும் சைக்கிளுக்குத்தான் அனுமதி, மடித்தபின் 120க்கு 70க்கு 40 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். ஆகவே பின்சீட் மடியும் வேன் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் வேண்டும்.

சீட்டின் சாய்வை முடிந்தவரை நிமிர்த்திக்கொள்ளுங்கள். முதல் நாள் பெடலையே தொட வேண்டாம். இலேசான இறக்கத்தில் இரண்டு காலையும் தரைக்கு மேல் தூக்கிவைத்து உருளவிடுங்கள், பிரேக் பிடித்து நிறுத்துங்கள், திரும்பத் தள்ளிக்கொண்டு வாருங்கள். இருபது தடவை. வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே இலேசாகத் திருப்ப வேண்டும் என்பதை உடம்பு இங்கேதான் கற்கும். அடுத்த நாள் நடுத்தரத்துக்குக் கொஞ்சம் கீழான கியரில் வைத்து, பலமான காலின் பெடல் மேலே, உங்களுக்கு அருகே இருக்கும்படி நிறுத்தி, முதுகைச் சீட்டில் சாய்த்து, ஒரே மிதியில் கிளம்புங்கள். தயங்கி அரை மிதி மிதித்தால் அங்கேயே சாய்வீர்கள். மிகச் சின்ன கியரும் ஆகாது, கால் சுற்றும் வேகத்தில் வண்டி ஆடும். கண் முன்சக்கரத்தில் இல்லாமல் இருபது மீட்டர் தள்ளி இருக்கட்டும். கை விரல்கள் ஹேண்டில்பாரில் கிடந்தால் போதும், பிடிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஓடும்போது பயந்து காலைத் தரையில் வைக்காதீர்கள். வண்டி முன்னே போகும், கால் பின்னால் இழுபடும், கணுக்கால் திருகும். விழுவதென்றால் பக்கவாட்டில் விழுங்கள், உயரம் குறைவு என்பதால் சிராய்ப்போடு போகும். கால் கிளிப் உள்ள பெடல் வேண்டாம், தட்டையான பெடல் போதும். முழங்கை உறையும் தலைக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த இரண்டு சனி, ஞாயிறுக்குப் பிறகும், ஒவ்வொரு தடவையும் நெஞ்சு படபடக்கிறது, ஓட்டிவிட்டு வரும்போது சந்தோஷமே இல்லை என்றால், விற்றுவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. முதுகுவலிக்கும் இதுதான் மருந்து என்று நினைத்துத் தொங்கிக்கொண்டிருக்க வேண்டாம். எனக்கு மணிக்கட்டு வலியும் கழுத்து வலியும் குறைந்தன, அது என் உடம்பு. முதுகுக்கு எது சரி என்று உங்களைப் பரிசோதித்த மருத்துவரிடமோ உடற்பயிற்சி சிகிச்சையாளரிடமோ கேளுங்கள். விளம்பரத்திலும் "முதுகுவலி போகும்" என்று எழுதாதீர்கள். நீங்கள் உறுதி சொல்ல முடியாத விஷயம் அது.

இனி விலை.

நீங்கள் 4,200 வெள்ளி கொடுத்தீர்கள் என்பது உங்கள் கணக்கு. வாங்குபவரின் கணக்கு வேறு. அவர் இதே வண்டியைப் புதிதாக வரவழைத்தால் என்ன ஆகும் என்று பார்ப்பார். வண்டி விலை, கப்பல் செலவு, இரண்டையும் சேர்த்த தொகைக்கு 9 விழுக்காடு பொருள் சேவை வரி. அந்தத் தொகைக்குத் தனக்குப் பிடித்த நிறம், சரியான அளவு, முழு உத்தரவாதம் எல்லாம் கிடைக்கும். உங்களிடம் வாங்கினால் இவை எதுவும் உறுதி இல்லை. பல தயாரிப்பாளர்களின் உத்தரவாதம் முதலில் வாங்கியவருக்கு மட்டும்தான், உங்கள் வண்டிக்கு எப்படி என்று அட்டையை எடுத்துப் படித்துவிடுங்கள். இத்தனையையும் விட்டுக்கொடுக்க அவருக்கு ஒரு காரணம் வேண்டும், அந்தக் காரணம் விலைதான். அதே சமயம், அவருக்கும் கப்பல் செலவு உண்டு என்பதால் நீங்கள் கட்டியதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும். பலர் அதை முழுக்க நட்டக் கணக்கில் எழுதிவிட்டு 1,500க்குத் தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

என் கணிப்பு இது: 2,900 என்று போடுங்கள், 2,500 கிடைத்தால் கொடுத்துவிடுங்கள். 3,800இல் தொடங்கி மாதம் நூறு குறைத்தால், பார்ப்பவர்கள் "இதில் ஏதோ கோளாறு, யாரும் எடுக்கவில்லை" என்றுதான் நினைப்பார்கள். சின்ன சந்தை இது, அதே நாற்பது ஐம்பது பேர்தான் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். மூன்று மாதத்துக்குள் விற்காவிட்டால் ஒரே தடவையாக 2,300க்கு இறக்குங்கள். விற்க வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும் என்று வீட்டிலும் சொல்லிவையுங்கள். நவம்பரிலிருந்து ஜனவரிவரை மழை, அப்போது சோதித்துப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச் நல்லது.

அதுவரை வண்டியைக் கூடத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டும் என்றால் வீட்டு வாசல் நடைவழிதான் நினைவுக்கு வரும். அங்கே 1.2 மீட்டர் வழி விட வேண்டும் என்பது தீயணைப்பு விதி. நீளமான வண்டி, சுவரோடு ஒட்டி நிறுத்தினாலும் ஹேண்டில்பார் துருத்தும், அளந்துவிட்டு வையுங்கள். கடற்காற்று வரும் பக்கமாக இருந்தால் அந்த நீளச் செயின் துருப்பிடிக்கும், எண்ணெய் விட்டுத் துணியால் மூடுங்கள். கூடத்திலேயே சுவரோரம் நிமிர்த்தி நிறுத்தும் தாங்கி ஒன்று வாங்கினால் இடம் மிச்சம், வீட்டுப் பேச்சும் குறையும்.

இரண்டு தடவை விழுந்த வண்டி என்பதால், படம் எடுக்கும் முன் நன்றாகச் சோதியுங்கள். இந்த வண்டி விழுந்தால் அடிபடும் இடங்கள் எப்போதும் ஒன்றுதான்: பெடலின் ஓரம், ஹேண்டில்பாரின் நுனி, பிரேக் கைப்பிடியின் முனை, சீட்டின் விளிம்பு, பின்னால் கியர் மாற்றி தொங்கும் கொக்கி. கடைசியாகச் சொன்ன கொக்கி வளைந்திருந்தால் கியர் சரியாக ஏறாது, சின்ன செலவில் மாற்றிவிடலாம், மாற்றிவிட்டே விற்கவும். பூம் விழுந்த வேகத்தில் ஒரு பக்கம் திரும்பியிருக்கலாம். பின்னாலிருந்து பார்த்தால் இரண்டு பெடலின் அச்சும் தரைக்கு இணையாக இருக்கிறதா என்று தெரியும். சிராய்ப்பை மறைக்கப் பெயின்ட் அடிக்காதீர்கள். அதையே பக்கத்தில் ஒரு வெள்ளிக் காசு வைத்துப் படம் எடுத்துப் போடுங்கள். சிராய்ப்பைக் காட்டும் விற்பனையாளரை நம்பி மற்றதையும் கேட்பார்கள்.

விளம்பரத்தில் வண்டியின் தயாரிப்பாளர், மாதிரி, ஆண்டு, சக்கர அளவு, எடை, எந்த எக்ஸ்-சீம் முதல் எதுவரை பொருந்தும் என்பதை எழுதுங்கள். கடைசியாகச் சொன்னதை எழுதாத விளம்பரங்கள்தான் அதிகம், தெரிந்தவர் முதலில் தேடுவதே அதைத்தான். மொத்த நீளத்தையும் எழுதுங்கள், மின்தூக்கிக்குள் நிற்குமா என்று அவர் தன் அடுக்குமாடி புளோக்கில் அளந்து பார்க்க வேண்டும். ஏன் விற்கிறீர்கள் என்பதை இப்படி எழுதலாம்: "நான்கு மாதம் முயன்றேன், 70 கிலோமீட்டர் ஓட்டினேன், எனக்கு வசப்படவில்லை. வண்டியில் கோளாறு இல்லை. இந்த வகை வண்டி ஏற்கெனவே ஓட்டியவருக்கோ, ஒரு மாதம் பொறுமையாகப் பழகத் தயாராக இருப்பவருக்கோ ஏற்றது." தமிழிலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். வாங்குபவர் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேடுவார்.

எங்கே போடுவது? கேரோசெல் விற்பனைத் தளத்தில் போடலாம், ஆள் அதிகம், ஆனால் அங்கே வருபவர்களில் பலர் எதையும் பாதி விலைக்குக் கேட்பவர்கள். டோகோபார்ட்ஸ் இணையச் சந்தையில் சைக்கிள் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். ஃபேஸ்புக்கில் ரிகம்பன்ட் ஓட்டுபவர்களின் குழுக்கள் உண்டு, ஆள் குறைவுதான், ஆனால் உண்மையான வாடிக்கையாளர் அங்கே இருப்பார். இங்கே வேலைக்கு வந்திருக்கும் ஐரோப்பியர்களில் ஊரில் இதை ஓட்டியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்குப் பழகும் சிரமம் இல்லை. கழுத்துவலி, மணிக்கட்டு வலி காரணமாகச் சாதாரண சைக்கிளை விட்டவர்களும் நல்ல வாடிக்கையாளர்கள், அவர்களுக்குப் பொறுமை இருக்கும். "பார்க்க வித்தியாசமா இருக்கு, ஒரு ரவுண்டு போகலாமா" என்று கேட்பவரிடம் மரியாதையாகப் பேசுங்கள், நேரம் செலவழிக்காதீர்கள்.

பணம் அனுப்பிவிட்டேன், இந்த இணைப்பை அழுத்தி உறுதிசெய்யுங்கள் என்று யாராவது செய்தி அனுப்பினால் அழுத்தாதீர்கள். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு உதவி எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேட்கலாம். நேரில் பார்த்து, வண்டியைக் கொடுக்கும்போது பேநவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாகப் பணத்தை வாங்குங்கள், உங்கள் வங்கிக் கணக்கில் பணம் வந்ததை நீங்களே பார்த்தபின் கையை விடுங்கள். அவர் தன் கைப்பேசித் திரையில் காட்டும் படத்தை நம்ப வேண்டாம்.

சோதனை ஓட்டம் தனிக் கதை. சாதாரண சைக்கிள் என்றால் புளோக்குக் கீழே ஒரு சுற்று சுற்றிவிட்டு வரச் சொல்வோம். இதில் அப்படிச் செய்தால் முதல் பத்து மீட்டரில் விழுவார், வண்டிக்கும் அடி, அவருக்கும் அடி, யார் பொறுப்பு என்று வாக்குவாதம். ரிகம்பன்ட் ஓட்டத் தெரிந்தவர் என்றால், உடைத்தால் அவர் பொறுப்பு என்று முன்பே பேசிக்கொண்டு ஓட்டச் சொல்லுங்கள். தெரியாதவர் என்றால், முதலில் பூமை அவர் அளவுக்கு மாற்றுங்கள், அவர் எக்ஸ்-சீமைச் செய்தியிலேயே கேட்டுவையுங்கள். நீங்கள் பின்னால் சீட்டைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள், அவர் உட்கார்ந்து காலை நீட்டட்டும், வசதியாக இருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்புறம் இலேசான இறக்கத்தில் பெடல் போடாமல் உருளட்டும். நீங்கள் ஓட்டத் தெரியாதவராக இருந்தாலும் இதைச் சொல்லித்தர முடியும். விற்றபின் ஒரு காலை அவரோடு சாங்கியில் இரண்டு மணி நேரம் நிற்பதாகவும் சொல்லுங்கள். நான் இரண்டாவது வண்டியை விற்றபோது செய்த காரியங்களில் இதுதான் அவரை முடிவெடுக்க வைத்தது.

சாதாரண மிதிவண்டிக்கு இங்கே பதிவு இல்லை, பெயர் மாற்றும் வேலையும் இல்லை. அதனாலேயே ஒரு தாளில் தேதி, தொகை, சட்டகத்தின் எண், "பார்த்த நிலையில் வாங்கிக்கொண்டேன்" என்று எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வாங்கிய ரசீதின் நகல், மீதிச் செயின் துண்டுகள், பூமைத் தளர்த்தும் சாவி எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுங்கள். சாவி இல்லாமல் அனுப்பினால் வாங்கியவர் அளவை மாற்றாமலே ஓட்டப் பார்ப்பார், நான் முன்பே சொன்ன அதே குழி.

"மோட்டார் மாட்டினால் கிளம்புவது சுலபம், விலையும் ஏறும்" என்று யாராவது சொல்லலாம். கேட்காதீர்கள். மின்சைக்கிளுக்கு இங்கே வகை அனுமதியும் (அந்த மாதிரி வண்டிக்கே தரும் ஒப்புதல்) பதிவும் தேவை. வீட்டில் மாட்டிய மோட்டாரோடு பொதுப் பாதையில் ஓட்டினால் அபராதம், வண்டியும் போய்விடும்.

மாற்றிக்கொள்வதும் ஒரு வழி. மூன்று சக்கர ரிகம்பன்டில் சமநிலை என்ற பேச்சே இல்லை, உட்கார்ந்த நிமிடமே ஓட்டலாம். சாய்ந்து ஓட்டும் சுகம்தான் உங்களுக்கு வேண்டும் என்றால் அதுதான் உங்கள் வண்டியாக இருக்கலாம். ஆனால் அவற்றில் பல 75 சென்டிமீட்டருக்கு மேல் அகலம். உங்கள் வீட்டுக் கதவு, மின்தூக்கிக் கதவு, அன்றாடம் போகும் பாதையின் தடுப்புக் கம்பங்களின் இடைவெளி மூன்றையும் அளக்காமல் கை வைக்காதீர்கள். 11ஆவது மாடிக்கு வராத வண்டியை வாங்கினால் இதே கேள்வியை அடுத்த வருடம் மறுபடி கேட்பீர்கள்.

இன்று இரவே அந்தச் சுவர் அளவை எடுத்துவிடுங்கள் தம்பி. உங்கள் அளவு, வண்டியின் மாதிரி, பூம் இப்போது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தெரியும்படி ஒரு படம், இந்த மூன்றையும் அனுப்பினால் வண்டி உங்களுக்குப் பொருந்துமா இல்லையா என்று சொல்லிவிடுகிறேன். பொருந்தாது என்றால் விளம்பரத்தை நானே பார்த்துத் திருத்தித் தருகிறேன். பொருந்தும் என்றால் வரும் சனிக்கிழமை காலை சாங்கியில் சந்திக்கலாம், என்னிடம் முழங்கை உறை இரண்டு ஜோடி இருக்கிறது.